மூடநம்பிக்கைகளை அறிவியலால் விளக்க முடியுமா?

கறுப்புப் பூனை குறுக்கே போவது, கண் துடிப்பது, 13-ஆம் எண், ராத்திரியில் மரத்தடி என்று நாம் பயந்துகொண்டிருக்கும் விஷயங்களுக்குப் பின்னால் அறிவியல் காரணம் ஏதாவது இருக்கிறதா, அறிவியலால் இவற்றை விளக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். ஆனால் கேட்பவர் எதிர்பார்க்கிற விளக்கம் பெரும்பாலும் கிடைக்காது.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. இந்த நம்பிக்கைக்குள் அறிவியல் உண்மை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்பது ஒன்று. அப்படி எதுவும் இல்லாதபோதும் மனிதர்கள் ஏன் விடாமல் நம்புகிறார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. வாட்ஸ்அப்பில் ‘முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ என்று தொடங்கும் ஃபார்வேர்டுகள் எல்லாம் அந்த வகைதான். நானே ஒரு காலத்தில் அவற்றை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தவன். என் அக்கா மகள்தான் அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள்.

ராத்திரியில் மரத்தடியில் படுத்தால் பேய் பிடிக்கும் என்பார்களே, அதற்கு ‘அறிவியல் காரணம்’ சொல்லிக்கொண்டிருந்தேன். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, மரம் கரியமில வாயுவைத்தான் வெளியே விடும், அதனால் மூச்சு முட்டும், அதைத்தான் பெரியவர்கள் பேய் என்று சொல்லி வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா, நீங்களும் ராத்திரி பூரா அதைத்தானே விடுறீங்க? அப்போ உங்க பக்கத்துல யாரும் படுக்கக் கூடாதா?” என்றாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மனிதன் ஒரு நாளில் வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய 1 கிலோ. நம் மூச்சுக்காற்றில் அதன் அளவு சுமார் 4 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான். திறந்தவெளியில் நிற்கும் மரம் இரவில் விடுவது காற்றோடு கலந்து போய்விடும். மூச்சு முட்டுவதுதான் காரணம் என்றால், நாலு பேர் கதவை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் படுப்பதற்கல்லவா பேய்க்கதை கிளம்பியிருக்க வேண்டும்?

அவள் செய்த காரியம் சின்னதுதான். ஆனால் இந்த மாதிரி விளக்கங்களைச் சோதிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சொல்லப்படும் காரணம் உண்மை என்றால், அதே காரணம் வேறு எங்கெல்லாம் பொருந்த வேண்டும், அங்கெல்லாம் அந்தத் தடை இருக்கிறதா என்று பார்ப்பது. ஏணிக்கு அடியில் போகக் கூடாது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் சுத்தியலோடு நின்றால் போகாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஆனால் நம்பிக்கை அதைச் சொல்லவில்லை. மேலே ஆளே இல்லாத ஏணிக்கு அடியில் போனாலும் கெடுதல் வரும் என்கிறது. தலையில் ஏதாவது விழும் என்றுகூடச் சொல்வதில்லை, பொதுவாகவே துரதிர்ஷ்டமாம். பாதுகாப்பு விதியாக இருந்தால் ஆள் இறங்கியதும் காலாவதியாகியிருக்கும்.

கிரகணம் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது உண்மை. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால் அது வெந்துபோவதே தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வை மங்கும்போதுதான் தெரியும். ஆனால் அதே கிரகணத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற, கர்ப்பிணி வெளியே வந்தால் குழந்தைக்கு ஊனம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்தப் பயம் உலகத்தின் இந்தக் கோடியிலும் இருக்கிறது, மெக்சிகோவிலும் இருக்கிறது. ஒரு உண்மை முன்னால் நடந்தால் பின்னாலேயே நாலு பொய் டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொள்ளும்.

முதல் கேள்வி இவ்வளவுதான். எனக்குச் சுவாரசியமானது இரண்டாவது.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் ஒரு சோதனை செய்தார். பசியோடு இருக்கும் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் விட்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை தானாகத் தீனி வரும்படி வைத்தார். புறா என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் தீனி வரும். கொஞ்ச நாளில் 8 புறாக்களில் 6 புறாக்கள் வினோதமாக ஏதோ செய்ய ஆரம்பித்துவிட்டன. ஒன்று கூண்டுக்குள் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையைத் தலையை நீட்டியது. இன்னும் இரண்டு, ஊசல் மாதிரி ஆடின. தற்செயலாக எதையோ செய்துகொண்டிருந்தபோது தீனி விழ, ‘நான் செய்ததால்தான் வந்தது’ என்கிற மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்தன என்றார் ஸ்கின்னர். ஒரு புறாவுக்குத் தீனியை அடியோடு நிறுத்திப் பார்த்தார். அது தன் சடங்கைக் கைவிடுவதற்குள் 10,000 தடவைக்கு மேல் செய்து தீர்த்துவிட்டது.

புறா கதைதானே என்று சிரிக்கலாம். 1987-இல் ஜப்பானில் கோய்ச்சி ஓனோ என்பவர் மாணவர்களை வைத்து இதையே செய்தார். மேசையில் மூன்று நெம்புகோல்கள், சுவரில் மதிப்பெண் காட்டும் கருவி. மதிப்பெண் அதன்பாட்டுக்கு ஏறும். நெம்புகோலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பெரும்பாலானவர்களிடம் வினோதப் பழக்கம் எதுவும் நிலைக்கவில்லை. சிலர் மாட்டிக்கொண்டார்கள். ஒரு மாணவி நெம்புகோலை விட்டுவிட்டு மேசைமேல் ஏறினார், சுவரைத் தொட்டார், கடைசியில் கையில் செருப்பை எடுத்துக்கொண்டு உட்கூரையைத் தொட எம்பி எம்பிக் குதித்தார். குதித்த நேரம் பார்த்து மதிப்பெண் ஏறியதுதான் காரணம். களைத்துப்போய்த்தான் நிறுத்தினார்.

நான் லிப்ட் பட்டனை மூன்று தடவை அழுத்துகிற ஆள். ஒருமுறை அழுத்தினால் போதும் என்று நன்றாகவே தெரியும். அந்த மாணவியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஸ்கின்னரின் விளக்கத்தையே 1971-இல் ஸ்டாடன், சிம்மெல்ஹாக் என்ற இருவர் திரும்பச் சோதித்தார்கள். தீனி வரப்போகும் நேரம் நெருங்க நெருங்க எல்லாப் புறாக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி கொத்த ஆரம்பிப்பதைப் பார்த்தார்கள். அதாவது, புறா செய்ததில் பாதி, தீனியை எதிர்பார்க்கும் பறவையின் இயல்பான நடத்தை. எல்லாமே தற்செயலாக ஒட்டிக்கொண்ட சடங்கு இல்லை. இருந்தாலும் பாடப்புத்தகங்களில் முதல் கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, நாம் புறா இல்லையே, யோசிக்கத் தெரிந்தவர்கள் ஆயிற்றே, ஏன் தவறைக் கண்டுபிடிப்பதில்லை? இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு இடது கண் இமை அடிக்கடி துடிக்கும். ஒருநாள் காலையிலிருந்து துடித்துக்கொண்டே இருந்தது; அன்றைக்கு ஒரு நேர்முகத் தேர்வில் சொதப்பினேன். அடுத்த முறை துடித்த அன்று போனைத் தொலைத்தேன். அவ்வளவுதான், மனசில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. கண் துடித்தால் நல்லதா கெட்டதா என்பதில் நாட்டுக்கு நாடு, ஆணுக்குப் பெண்ணுக்கு என்று விதி மாறுகிறது. சீனர்களுக்கு இடக்கண் துடித்தால் அதிர்ஷ்டம், எனக்கு அதே கண் சனியன். இது தெரிந்தும் பயம் போகவில்லை.

அதனால் ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டேன். கண் துடித்து, கெட்டதும் நடந்த நாள். துடித்தும் ஒன்றும் நடக்காத நாள். துடிக்காமலே கெட்டது நடந்த நாள். இரண்டும் இல்லாத நாள். நம் நினைவு முதல் கட்டத்தை மட்டும்தான் பத்திரப்படுத்துகிறது. மற்ற மூன்றும் குப்பைக்குப் போய்விடும். நாலையும் எழுதினால்தான் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

முதல் வாரத்திலேயே சிக்கல். ‘கெட்டது’ என்றால் எது? கண் துடித்த நாளில் பஸ்ஸைத் தவறவிட்டால் அதைக் கெட்டது என்று எழுதினேன். துடிக்காத நாளில் பஸ்ஸைத் தவறவிட்டால், அது சும்மா பஸ் போய்விட்டது. இதை நான் வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாக அப்படி எழுதியது. பழைய பக்கங்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எதெல்லாம் கணக்கில் வரும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி ஒட்டிவிட்டுத் தொடர்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், நான் எதிர்பார்க்காத ஒன்று. கண் துடித்த நாட்கள் நிஜமாகவே கொஞ்சம் மோசமான நாட்களாக இருந்தன! ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதே நோட்டின் ஓரத்தில் தூங்கிய நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். துடித்த நாட்கள் எல்லாம் முந்தின இரவு மூன்று, நாலு மணி நேரம் தூங்கிய நாட்கள். இமை துடிப்பதற்குப் பெரும்பாலும் களைப்பு, மன அழுத்தம், காஃபீன் இவைதான் காரணம். தூக்கம் கெட்டவன்தான் நேர்முகத் தேர்வில் உளறுவான், போனை எங்கேயோ வைத்துவிட்டு வருவான். கண் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டையும் கொண்டுவந்தது தூக்கமின்மை.

அறிவியல் விளக்கம் என்று நான் மதிப்பது இந்த மாதிரி ஒன்றைத்தான். ‘உன் நம்பிக்கை முட்டாள்தனம்’ என்று அது சொல்லவில்லை. ‘நீ பார்த்தது சரி, காரணம் வேறு’ என்றது. முதல் வாரத்தில் என் கை செய்த ஏமாற்று வேலையையும் காட்டிக்கொடுத்தது.

அனுபவம் நிஜம், பெயர்தான் தப்பு என்கிற வகையில் இன்னும் பெரிய உதாரணம் ‘அமுக்குவான்’. நடு இரவில் விழிப்பு வரும், கண் திறந்திருக்கும், கைகால் அசையாது, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள். விடுதியில் இருந்தபோது எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. அறை, மின்விசிறி, எதிர்க் கட்டிலில் தூங்கும் நண்பன் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கதவு ஓரமாக ஒரு ஆள் நிற்கிறான். நண்பனைக் கூப்பிடுகிறேன், சத்தம் வரவில்லை. அந்தப் பயத்தை அனுபவித்தவனிடம் போய் ‘அதெல்லாம் மனப்பிரமை’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் அவன் உங்களை நம்ப மாட்டான், நம்பவும் கூடாது.

நடப்பது என்னவென்றால், கனவு காணும் உறக்க நிலையில் மூளை உடலின் தசைகளை ஏறக்குறைய முழுக்க முடக்கி வைக்கிறது. கண்ணும், மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் விதிவிலக்கு. கனவில் ஓடுகிறவன் கட்டிலைவிட்டு ஓடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. சில சமயம் விழிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும், முடக்கம் இன்னும் விலகியிருக்காது, கனவும் மிச்சம் இருக்கும். ஆழமாக மூச்சிழுக்கப் பார்த்தால் உடல் கேட்காது. அதுதான் நெஞ்சின் பாரம். மிச்சமிருக்கும் கனவு அந்தப் பாரத்துக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. மல்லாந்து படுக்கும்போதும், தூக்க நேரம் தாறுமாறாகப் போகும்போதும் அதிகம் வரும். தேர்வு நேரத்து விடுதியில் இரண்டுக்கும் குறைவே இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இதைக் கிழவி வந்து அமுக்குகிறாள் என்பார்கள். ஜப்பானில் இதற்கு கனாஷிபாரி என்று பெயர். ஆங்கிலத்தில் கெட்ட கனவைக் குறிக்கும் ‘நைட்மேர்’ என்ற சொல்லின் பின்பாதியே நெஞ்சில் ஏறி உட்காரும் பழைய பேய்தான். ஆள் மாறுகிறாள், உட்காரும் இடம் மாறவில்லை.

பேய் வீடு விஷயத்தில் இரண்டு பழைய சம்பவங்கள் எனக்குப் பிடிக்கும். 1921-இல் அமெரிக்காவில் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். ஒரு பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து தலைவலி, காலடிச் சத்தம், உருவங்கள், வாடிப்போகும் செடிகள். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அது நிறமும் மணமும் இல்லாத விஷவாயு. பேயோட்டப் போயிருந்தால் குடும்பமே செத்திருக்கும்.

இன்னொன்று, இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டியினுடையது. மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் இரவு தனியாக வேலை பார்க்கும்போது குளிர் வியர்வை, ஓரக்கண்ணில் ஒரு சாம்பல் நிற உருவம், திரும்பினால் மறைந்துவிடும். மறுநாள் தன் வாள்சண்டைப் போட்டிக்கான வாளைப் பிடிகருவியில் மாட்டினால், அதன் நுனி தானாக அதிர்கிறது. பயப்படுவதற்குப் பதில் வாளை நகர்த்தி நகர்த்தி அளந்தார். புதிதாகப் பொருத்திய காற்றுவெளியேற்றும் விசிறி, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறையில் உண்டாக்கியிருந்தது. விசிறியின் பொருத்தத்தை மாற்றினார்கள், உருவமும் போயிற்று. 1998-இல் இதை எழுதி வெளியிட்டார். இதைப் படித்துவிட்டு ‘எல்லாப் பேயும் 19 ஹெர்ட்ஸ்தான்’ என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் 2009-இல் லண்டனில் ஒரு அறையையே இதற்காகக் கட்டி, இப்படிக் காதுக்குக் கேட்காத தாழொலியை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தபோது, பலருக்கு வினோத உணர்வுகள் வந்தன. அதற்கும் தாழொலி இருந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. ‘இங்கே ஏதோ நடக்கலாம்’ என்று முன்பே சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்கலாம். அறிவியலின் பெயரில் வரும் கவர்ச்சியான கதையையும் நாலு கட்டத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை எங்கே அதிகம் முளைக்கிறது என்பதற்கு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நல்ல விடை தந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பாப்புவா நியூ கினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தபோது கவனித்தது இது. அமைதியான உள்காயலில் மீன்பிடிக்கப் போகும்போது அந்த மக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை; அறிவும் அனுபவமும் போதும். திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள். ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. உயிர் பயமும் நிச்சயமின்மையும்தான் வித்தியாசம். நம் ஊர்ப் படித்தவன் படிக்காதவன் வாதம் எல்லாம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது. விளையாட்டு வீரர், அறுவை சிகிச்சை நிபுணர், பங்குச் சந்தைக்காரர் என்று பார்த்தால் திறமை அதிகம், ஆனால் முடிவு கையில் இல்லை என்கிற தொழில்களில்தான் ராசி சட்டை, ராசி எண் எல்லாம் கொடிகட்டிப் பறக்கிறது.

‘சரி, நம்பினால் பலன் கிடைக்கிறதே, தைரியம் வருகிறதே’ என்பார்கள். 2010-இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. கோல்ஃப் பந்தைக் கொடுத்து, ‘இது ராசியான பந்து’ என்று சொன்னவுடன் மாணவர்கள் அதிக முறை குழிக்குள் தள்ளினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. 2014-இல் அதைவிடக் கூடுதல் ஆட்களை வைத்து அமெரிக்காவில் திரும்பச் செய்தபோது அந்தப் பலனைக் காணோம். என் கல்லூரித் தேர்வுகளை எல்லாம் ஒரே நீலப் பேனாவில் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இது வருத்தமான செய்தி.

பேனாவால் யாருக்கும் கேடில்லை. அதை வைத்து யாரிடமும் சண்டைபோட மாட்டேன். ஆனால் சகுனம் பொருளிலிருந்து ஒரு மனிதர்மேல் தாவும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில், குறிப்பாகத் தான்சானியாவில், உடலில் நிறமி இல்லாமல் பிறந்தவர்களின் உறுப்புகளுக்கு அதிர்ஷ்டம் தரும் சக்தி இருப்பதாக நம்பி அவர்களை வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். நிறமி இல்லாததற்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணு மாற்றம் காரணம் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கே அறிவியல் விளக்கம் இல்லாமல் இல்லை.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். வகுப்பில் ஒருத்தி பச்சை நிறத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் அன்றைக்கு டீச்சர் கேள்வி கேட்பதில்லையாம். வகுப்பே பச்சை பாட்டில் வாங்கிவிட்டதாம். “பொய்னு நிரூபிச்சுக் காட்டுறேன் மாமா, உங்க நாலு கட்டத்தை அனுப்புங்க” என்றாள். வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து நிரப்பி அனுப்பியிருந்தாள். ‘பாட்டில் இருந்தும் கேள்வி கேட்டார்’ என்ற கட்டத்தில் மட்டும் மூன்று கோடுகள். மற்ற மூன்றும் காலி. என்னவென்று கேட்டால், அந்த நாட்களில் எழுத மறந்துவிட்டாளாம்.